முறைத் தண்ணீரும் முறை வேலையும்

— கிளிவெட்டிப் பழைய மாணவன் —

விழா மலருக்கு எழுதப் புகும் பழைய மாணவர் தம் ஆசிரியர்களை நினைவுகூர்வதும், தம் காலத்துக் குறும்புகளைச் சொல்லி மகிழ்வதும் மரபு. அம்மரபை முற்றாக விட்டுவிட மனமில்லை. எனவே கல்லூரி விடுதியிலிருந்தே தொடங்குகிறேன். ஆயினும் நான் சொல்ல வந்தது பழங்கதை அன்று. உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்ற ஒரு நிகழ்காலக் கேள்வி.

கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைக்குப் படிக்க வந்த பையன்களுக்கு அக்காலத்தில் வழி எளிதாக இருக்கவில்லை. தரைவழியே வருவதெனில் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா எனத் துறைக்குத் துறை இறங்கிப் பாதையில் ஏறிக் கடக்கவேண்டும். அன்றேல் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சைப் பிடித்துக் கொட்டியாரக் குடாவைத் தாண்டவேண்டும். நாள்தோறும் போய்வருவது நினைக்கவும் ஆகாத காரியம். அதனாலேயே எம்போன்றோர் விடுதியில் தங்கினோம். வாரக் கடைசியில் எல்லாரும் வீடு சென்றதில்லை. மாதத்துக்கொருமுறை சென்று, திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்தாலும், ‘தூரத்துப் பிள்ளைகள்’ என்று ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டனர். அன்று அதன் பொருள் எமக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. தூரம் என்ற சுமையை முழுவதும் பிள்ளையின் தலைமீது வைத்துவிடாமல், அதில் ஒரு பங்கைத் தன் ஒழுங்குமுறையின்மீது ஏற்றிக்கொண்ட நிறுவனம் அது.

2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளுக்கும் அடுத்து வந்த ஆண்டுகளிற் பாலங்கள் வந்தன. பாதைகள் மறைந்தன. நாள்தோறும் போய்வருதல் கைகூடியது. அதனால் நாம் அடைந்த நன்மை பெரிது. அதனோடு கூட, நாம் கவனியாத மாற்றமொன்றும் நேர்ந்தது. முன்பு பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கிய எழுதுவினைஞரும், கிராமத்துப் பாடசாலையின் விடுதியில் தங்கிய ஆசிரியரும் தத்தம் வீட்டிலிருந்தே மோட்டார் சைக்கிளிற் போய்வரத் தொடங்கினர். தூரம் குறைந்துவிட்டதென எண்ணினோம். உண்மையில் தூரம் பெற்றோலாக மாறியது, அவ்வளவே. பெற்றோல் மலிவாக இருந்தவரை அந்த வேறுபாடு எவர்க்கும் புலப்படவில்லை.

2022ஆம் ஆண்டு அதைப் புலப்படுத்திற்று. 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல், 2022 மார்ச்சில் 254 ரூபாவும், ஏப்ரலில் 338 ரூபாவும், மே மாதத்தில் 420 ரூபாவும், யூன் 26ஆந் திகதி 470 ரூபாவும் ஆயிற்று. அவ்விலை கொடுக்க ஆயத்தமாக நின்றவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. யூன் 27ஆந் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே யூலை 10 வரை எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூஆர் குறியீட்டு அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் எனப் பங்கு வகுக்கப்பட்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போகவர நாளொன்றுக்கு எண்பது கிலோமீற்றர் ஓடும் ஓர் உத்தியோகத்தரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடும் வண்டியெனின் அவருக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் வேண்டும். மாதத்தில் இருபது வேலை நாட்களுக்கு நாற்பது லீற்றர். டிசம்பர் விலையில் அது 7,080 ரூபா. அடுத்த யூன் விலையில் 18,800 ரூபா. சம்பளம் அந்த அளவுக்கு உயரவில்லை. அரிசியும் மாவும் உயர்ந்தன. இந்த நிலையில் வேலைக்குப் போவதற்காக மட்டும் மாதம் பதினோராயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தவர், எதைக் குறைத்துக் கொடுத்திருப்பார்? பிள்ளையின் பால்மாவையா, தாயின் மருந்தையா? வாரப்பங்கு நான்கு லீற்றரைப் பார்ப்பினோ, அது அவரை இரண்டு நாட்கள் மட்டுமே கந்தோருக்குக் கொண்டுசேர்க்கும். மீதி மூன்று நாட்களுக்கு என்ன செய்வதென அட்டை சொல்லவில்லை.

இவ்விடத்தில் எம் மாவட்டத்தார் மட்டுமே உணரத்தக்க கசப்பு ஒன்றுண்டு. சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிச்சென்ற எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது காட்டினுள் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்த குதத்தின் அடையாளமும் அங்கே கிடக்கின்றது. 2022 சனவரியில் அக்குதங்களைப் பற்றி இந்தியாவுடன் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. பதினான்கு குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், இருபத்து நான்கு எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், அறுபத்தொன்று கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டில் அக்குதங்களின் வழியே பஸ்ஸிற் போனவர்கள், கையில் வெறும் போத்தலோடு வரிசையில் நின்றார்கள். எண்ணெய் வைக்கும் பாத்திரம் ஊரில் இருப்பது வேறு, எண்ணெய் வாங்கும் பணம் நாட்டில் இருப்பது வேறு என்பதை எமக்கு எந்தப் பொருளியற் பாடநூலும் இத்துணைத் தெளிவாகக் கற்பிக்கவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2022 யூன் 17 முதல் மூன்று மாத காலத்துக்கு, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை எனக் கட்டளை பிறந்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு வீட்டுத் தோட்டமும் செய்யுங்கள் என்று கூறப்பட்டது. தொடர்ந்து, இன்றியமையாத அளவினர் மட்டும் கந்தோருக்கு வருதலும், ஏனையோர் வீட்டிலிருந்து வேலை செய்தலும் அனுமதிக்கப்பட்டன. பாடசாலைகள் யூலை 25இல் மீண்டும் தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாட்களே நடைபெற்றன. நெருக்கடியிற் பிறந்த இவ்வேற்பாடுகள் பல குடும்பங்களுக்கு மூச்சுவிட இடந்தந்தன. அதை நான் மறுக்கவில்லை. எனினும் அவற்றின் அமைப்பில் ஒரு பிழை இருந்தது. அப்பிழையை இப்போது ஆறுதலாக ஆராய்ந்து திருத்தாவிடின், அடுத்த நெருக்கடியிலும் அதையே செய்வோம்.

பிழை யாதெனின், பயணத்தை எண்ணவேண்டிய இடத்தில் நாட்களை எண்ணினோம். அவ்வாறு எண்ணியபோதும் ஊழியரின் நாட்களையே எண்ணினோம், கந்தோரை நாடிவரும் பொதுமக்களின் பயணத்தை எண்ணவில்லை. எம் அயலவரான விவசாயி ஒருவர், அக்காலத்தில் ஒரு கடிதத்துக்காக ஒரு கந்தோருக்குச் சென்றார். மகனின் மோட்டார் சைக்கிளில் இருந்த கடைசி ஒன்றரை லீற்றர் பெற்றோலில் சென்றார். அன்று வெள்ளிக்கிழமை. வாயில் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை மீண்டும் போனபோது கையொப்பமிட வேண்டியவருக்கு அன்று வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை. மூன்றாம் முறை அவர் துவிச்சக்கரவண்டியிற் போனார். உத்தியோகத்தர் ஒரு பயணம் மிச்சம் பிடித்தார், விவசாயி இரண்டு பயணம் வீணாக்கினார். நாட்டின் கணக்கில் இதனை மிச்சமென்று எழுதலாமா?

உலகில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எண்ணெய் விலை ஏறிய 2008ஆம் ஆண்டின் ஓகஸ்டில், மாநில ஊழியருக்கு நாளுக்குப் பத்து மணிநேரமாக வாரத்தில் நான்கு நாட்கள் வேலை என ஏற்பாடு செய்யப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் கந்தோர்கள் மூடப்பட்டன. ஊழியர் பலர் விரும்பினர். ஆயின் வெள்ளிக்கிழமையிற் சேவை வேண்டிவந்த பொதுமக்கள் முறையிட்டனர், எதிர்பார்த்த அளவு சேமிப்பும் வரவில்லை. 2011இல் அது கைவிடப்பட்டது. நான்கு நாள் வேலையை அங்கே தோற்கடித்ததில், எல்லாருக்கும் ஒரே நாளில் கதவடைத்த முறைக்கும் பங்குண்டு என்பதே என் துணிபு.

இதனை எம் வயல்வெளியார் ஒருபோதும் செய்யார். குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் வட்டவிதானையார் என்ன செய்கிறார்? வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் தண்ணீர் இல்லை என்று வான்கதவைப் பூட்டிவிட்டுப் போகிறாரா? இல்லை. முறைத் தண்ணீர் வைக்கிறார். இன்று மேல்வெளிக்கு, நாளை நடுவெளிக்கு, மறுநாள் கீழ்வெளிக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் இல்லை. ஆனால் வாய்க்காலில் எந்நாளும் தண்ணீர் உண்டு. இத்தனை எளிய உண்மை எங்கள் தகப்பன்மாருக்குத் தெரிந்திருந்தது. அதனைக் கந்தோருக்குக் கொண்டுபோக நாம் ஏன் தயங்குகிறோம்?

முதலாவதாக நான் வேண்டுவது இதுவே. ஐந்து நாள் வேலை மணிகளை நான்கு நாட்களில் முடிக்க விரும்பும் ஊழியருக்கு அவ்வாறு செய்ய இடமளிக்கலாம். ஆனால் ஓய்வுநாள் எல்லாருக்கும் ஒன்றாக இராது முறைவைத்து வரவேண்டும். ஒருவருக்குத் திங்கள், மற்றவருக்குப் புதன், இன்னொருவருக்கு வெள்ளி. கந்தோரின் கருமபீடம் வாரத்தில் ஐந்து நாளும் திறந்திருக்கும். நாள் நீளுவதால் காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியும் கூடுதலாகத் திறந்திருக்கும். வயலுக்குப் போகுமுன் கமக்காரன் வந்து தன் அலுவலை முடித்துக்கொள்ளலாம். நாம் முன்பு கணக்கிட்ட உத்தியோகத்தர் வாரத்துக்கு ஒரு பயணம் குறைப்பாராயின் மாதத்துக்கு எட்டு லீற்றர் மிஞ்சும். 470 ரூபா விலையில் அது 3,760 ரூபா. சிறு தொகையா அது?

இரண்டாவது, ஆளை மாற்றுதல். விடியற்காலையிற் கிண்ணியாப் பாலத்தில் நின்று பாருங்கள். எங்கள் பக்கத்திலிருந்து திருகோணமலைக்குப் போகும் உத்தியோகத்தரும், திருகோணமலையிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வரும் உத்தியோகத்தரும் நடுப்பாலத்தில் ஒருவரையொருவர் கடந்து செல்வர். இருவரும் ஒரே தரத்தினர், ஒரே சம்பளத்தினர், ஒரே விதமான கோப்புகளைப் பார்ப்பவர். மாலையில் மீண்டும் அதே பாலத்திற் சந்திப்பர். இவ்விருவரும் இடம் மாறிக்கொண்டால் நாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் மிச்சம், ஒருவருக்கும் ஒரு மணி வேலையும் நட்டமில்லை. ஒத்த பதவியினர் மனமொத்து இடம் மாறுவதை இலகுவாக்குவது, எவ்வளவு பெரிய எரிபொருட் சலுகையிலும் மேலானது.

மூன்றாவது, மணியைப் பஸ்ஸோடு பொருத்துதல். கிராமத்துக்கு வரும் பஸ் கந்தோர் மணிக்கு இசைந்து வராவிடின், கந்தோர் மணி பஸ்ஸுக்கு இசைந்து சற்று நகர்வதில் என்ன குற்றம்? அரை மணிநேரம் பிந்தி வந்து அரை மணிநேரம் பிந்திப் போக ஒருவருக்கு அனுமதியிருந்தால், அவர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவார். இது புதிய கற்பனை அன்று. 1967ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் மியூனிச் நகரையடுத்த ஒட்டோபுறூனில் ஒரு விமானத் தொழிற்சாலை, காலை வேளையில் வாயிலில் நெரிசல் தாங்காமல், ஊழியர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஓர் எல்லைக்குள் அவர்களே தெரிந்துகொள்ள விட்டது. எம் நாட்டிலும் 2017இல் பத்தரமுல்லையிலுள்ள அரசாங்கக் கந்தோர்களில் இவ்வாறான நெகிழ்ந்த வேலைநேரம் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. தலைநகரின் வீதி நெரிசலுக்காகச் சிந்தித்த மூளைகள், ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் காத்துநிற்கும் ஊர்களுக்காகவும் சிந்திக்கலாமன்றோ?

நான்காவதாக வீட்டிலிருந்து வேலை செய்தலைச் சொல்லலாம். அதுவே உலகெங்கும் முதலாவதாகப் பேசப்படுவது. சர்வதேச எரிசக்தி முகவரகமும், 2022 மார்ச்சில் எண்ணெய்ப் பாவனையைக் குறைக்கக் கூறிய பத்து வழிகளில், இயன்றவர்கள் வாரத்தில் மூன்று நாள் வரை வீட்டிலிருந்து வேலை செய்தலையும் சேர்த்தது. நான் அதனைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கணக்கு எழுதுவோரும், அறிக்கை தயாரிப்போரும், கணினியில் வேலை செய்வோரும் அவ்வாறு செய்யலாம். ஆனால் கோப்பு கந்தோரில் இருக்க, கையொப்பம் வீட்டில் இருப்பதால் வரும் பயன் யாது? கோப்பு கணினிக்கு ஏறும்வரை இவ்வழி எம் பகுதிக்கு ஓரளவே உதவும்.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். ‘கட்டுப்பாடு குலைந்துவிடும், கண்முன் நில்லாத ஊழியன் வேலை செய்யான்’ என்பர் சில மேலதிகாரிகள். கண்முன் நிற்கும் எல்லாரும் வேலை செய்கிறார்களா என்று அவர்களைக் கேட்கவேண்டும். வரவுப் புத்தகம் மனிதன் வந்ததைச் சொல்லும், வேலை நடந்ததைச் சொல்லாது. எத்தனை கடிதத்துக்கு மறுமொழி போயிற்று, எத்தனை விண்ணப்பம் தீர்ந்தது என்று எண்ணப் பழகிய மேலதிகாரிக்கு நெகிழ்ந்த நேரத்தால் அச்சமில்லை.

வேறொரு தடை மேலும் கனமானது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என வேலைக்கு வரம்பு கட்டியது. தொழிலாளர் போராடிப் பெற்ற வரம்பு அது. நான்கு நாள் வாரம் என்ற பெயரால் அவ்வரம்பை முதலாளிமார் உடைத்து, பத்து மணி வேலையையும் வாங்கி ஐந்தாம் நாளும் அழைப்பாராயின், நாம் பாம்புக்குப் பயந்து முதலையின் வாயில் விழுந்தவராவோம். ஆகவே இவ்வேற்பாடு ஊழியர் விரும்பினாலன்றித் திணிக்கப்படலாகாது. எழுத்தில் இருக்கவேண்டும். வாராந்த மொத்த மணிகள் ஒரு நிமிடமும் கூடலாகாது. குழந்தை உள்ள தாய்க்கு நீண்ட நாள் சலுகையாக இராது, தண்டனையாக இருக்கும். அவர் வேறு வழியைத் தெரிந்துகொள்ள இடம் இருக்கவேண்டும்.

மூன்றாவது ஆட்சேபமே என் நெஞ்சைச் சுடுவது. ‘உத்தியோகத்தருக்கு இத்தனை வழி சொன்னீர். தாதிக்கும், பஸ் ஓட்டுநருக்கும், நெல் ஆலைத் தொழிலாளிக்கும், கடலுக்குப் போகிறவனுக்கும் என்ன வழி?’ மீன்பிடிக்கும் குடும்பங்கள் நம்பியிருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. கடலை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்ய இயலாது. நோயாளியைக் கணினியில் ஏற்ற முடியாது. இவர்களுக்கு நேர்முகமாக உதவும் வழி நெகிழ்ந்த நேரம் அன்று, பஸ்ஸும் மானியமும் சேவையாளருக்கான கூட்டு வாகனமுமே. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பயணத்தைக் குறைக்க இயன்றவன் குறைத்துக்கொண்டால், வரிசையில் ஓர் ஆள் குறைகிறது. பங்கிட வேண்டிய எண்ணெயில் சிறிது மிஞ்சுகிறது. மேல்வெளிக்காரன் தன் முறை முடிந்ததும் வக்கடையைக் கட்டினாலன்றிக் கீழ்வெளிக்குத் தண்ணீர் போகாது.

ஆசிரியரைப் பற்றித் தனியே ஒரு சொல். இம்மலரைப் படிப்போரிற் பலர் ஆசிரியர்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, சேனையூர், கங்குவேலி எனத் தூரத்துப் பாடசாலைகளுக்குப் போய்வருவோரின் இடர் எனக்குத் தெரியும். எரிபொருள் இல்லாத நாட்களில் பட்டணத்துப் பிள்ளைக்குத் தொலைபேசியிற் பாடம் நடந்தது. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியருக்குச் சலுகை கொடுக்கும்போது அதன் விலையை அப்பிள்ளை கொடுக்கக்கூடாது. தூரத்துப் பாடசாலைகளில் ஆசிரியர் விடுதிகளைத் திருத்திக் கொடுப்பதும், நேரசூசியை ஒழுங்குசெய்து ஓர் ஆசிரியரின் பாடங்களை நான்கு நாட்களுக்குள் அமைப்பதும், பிள்ளைக்கு ஐந்து நாளும் பாடம் நடக்கும் வண்ணம் செய்யத்தக்கவை. பழைய விடுதிமுறையை நாம் ஏளனம் செய்ததுண்டு. அது தூரத்தை வென்ற முறை என்பதை நினைவிற்கொள்வோம்.

‘வார ஒழுங்கு மாற்றவியலாதது’ என்று எவரேனும் கூறின், அவர் எம் நாட்டின் சரித்திரத்தை மறந்தவராவர். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே விடுமுறையாக இருந்தன. சந்திரனைப் பார்த்து வேலைக்குப் போனோம். அதன் நன்மை தீமை வேறு விடயம். வாரத்தையே மாற்றிப் பார்த்து மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பிய ஒரு நாடு, ஒரு கந்தோரின் முறைப்பட்டியலை மாற்ற முடியாதென்று சொல்லுதல் பொருந்துமா?

கடைசியாக, இதனை ஏன் விழா மலரில் எழுதுகிறேன் என்று சிலர் வினவலாம். இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் செயலகங்களிலும் வலயக் கல்விக் கந்தோர்களிலும் வங்கிகளிலும் கையொப்பமிடும் கதிரைகளில் அமர்ந்திருக்கின்றனர். பெரிய சட்டம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு முறைப்பட்டியல், ஓர் இடமாற்றப் பரிந்துரை, அரை மணிநேர அனுமதி என்பன அக்கதிரைகளிலிருந்தே தொடங்கத்தக்கவை. நெருக்கடி வந்தபின் அவசரத்திற் செய்யும் ஏற்பாடு விடுமுறையாக முடியும். நெருக்கடி இல்லாத நாளில் ஆறுதலாகச் செய்யும் ஏற்பாடே ஒழுங்காக நிலைக்கும். குளம் வற்றியபின் வாய்க்கால் வெட்டுவதில்லை.

இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பிமாரே, நாளை நீங்கள் அக்கதிரைகளுக்கு வருவீர்கள். அன்று வாயிலில் வந்து நிற்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்று ஒருமுறை கேளுங்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர் எந்த வழியால் வந்தார் என்றும் கேளுங்கள். திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்த என்னை அந்நாளில் வகுப்புக்கு வெளியே நிறுத்தாத ஆசிரியரிடம் நான் கற்ற பாடம் அதுவே.